அண்ணனின் சாவுக்குக் கட்டிய பாட்டு

காலை ஷிஃப்டுக்கு நான் உள்ளே நுழையும்போது மத்தியாஸ் என்னைப் பார்த்து "ஷாங்கிரி பாபு!" என்று கூவுவார். கூவுவதோடு விட மாட்டார். இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் சுழற்றி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு தாவு தாவுவார். ஐம்பதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர் வேறு. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் பல்சக்கரம் வெட்டும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவரும் நானும் அடுத்தடுத்த சி.என்.சி. இயந்திரங்களில் நிற்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் காலையில் 'மோர்கென்' என்று ஒரு சொல்லை வாய்க்குள் மென்றுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் எனக்காக நடனமே ஆடுகிறார் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். நானோ அவர் ஆடி முடிக்கும் முன்பே இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இயந்திரம் ஓடும்போது நான் என்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுப்பேன். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகிவிட்டது. ஒருநாள் கைப்பேசியிடம் அதைப் பாடிக் காட்டிப் பாட்டைத் தேடி எடுத்துவிட்டார். என்ன காலமடா சாமி. திரையில் ஒரு தெருவே பாடையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. பாடையில் கிடந்தவன் ஜாங்கிரி பாபு என்கிற ரவுடி. கதாநாயகன் சுவர் மேல் ஏறி நின்று "போறது யாரு?" என்று கேட்கிறான். தெரு முழுக்க "ஜாங்கிரி பாபு!" என்று கத்துகிறது. இது உங்கள் ஊரில் என்ன விழா என்று மத்தியாஸ் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: இது செத்தவர்களுக்குப் பாடும் பாட்டு, என் அண்ணன் இறந்தபோது அவனுக்காகக் கட்டியது. அவர் நிதானமாகத் தலையாட்டினார். "உன் அண்ணனுக்கு ரொம்பப் பிடிக்குமோ? நல்ல ரசனைக்காரர். லுஸ்டிக்!" என்றார். லுஸ்டிக் என்றால் சிரிப்பு வருகிற மாதிரியான சங்கதி. மேற்கொண்டு விளக்க எனக்குத் தெம்பு இல்லை. மறுநாளிலிருந்து வணக்கம் மாறிவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் அந்தப் பாட்டு மனதுக்குள் ஓட ஆரம்பித்திருக்கும். கையும் தன்னால் சுழன்றிருக்கும். என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்கள் தீபாவளி விழாவில் அதற்கு ஆடியும் இருப்பீர்கள். ஆடுங்கள், நான் யார் தடுக்க. அந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. அப்பா அம்மா இருவரும் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். வயலெல்லாம் மனையாகவும் குடோனாகவும் ஆன பிறகு அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, நாங்கள் எஸ்டேட் என்போம், ஹெல்பராகப் போனார், அம்மா பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போனாள். அப்பா சீக்கிரமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். என் அண்ணன் செல்வம் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டித்தான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தான். காலை ஷிஃப்ட் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை, எங்கள் தெரு முனைக்கு வந்துவிட்டவனை, ஒரு தண்ணீர் லாரி அடித்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு கழுவி வைத்தபடி இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுவது வழக்கம். சங்கு ஊதி, பறை அடித்து, ஒப்பாரி எல்லாம் ஓய்ந்தபின் ஒருவர் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். செத்தவர் யார், என்ன வேலை செய்தார், யாரை விட்டுவிட்டுப் போகிறார் என்று அவர் பெயரை வைத்தே பாடுவார். செல்வத்துக்குப் பாடியவர் அவனுடைய உயிர் நண்பர் ஏழுமலை அண்ணன். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எத்தனையோ சாவுகளுக்குப் பாடியவருக்கு அன்று ஒரு பழைய பாட்டும் வாயில் வரவில்லை. பந்தலுக்குள் அழுதுகொண்டே புதிதாக ஒன்றைக் கட்டினார். "மோளம் வாசல் வந்தாச்சு, மாலை மார்ல வுழுந்தாச்சு, போறது யாரு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். தெரு சொன்னது: "எங்க செல்வம்!" அவர் மறுபடி கேட்டார். தெரு மறுபடி சொன்னது. மெதுவான பாட்டு அது, மூச்சு வாங்குகிறவன் நடக்கிற வேகம்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு விடுகிற இடம்தான் பாட்டின் உயிர். செத்தவர் பெயரை அந்த இடத்தில் கூடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் போகிற உயிர் குறையில்லாமல் போகும் என்பது எங்கள் ஜனங்களின் எண்ணம். செல்வத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு குன்றத்தூர், திருமழிசை, ஆவடி, வேப்பம்பட்டு வரைக்கும் சாவு சாவாகப் போனது. அங்கங்கே அவரவர் பெயர். எங்க மாரி, எங்க ராணி, எங்க தேவராஜு. அம்மாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் அந்தப் பாட்டு கேட்கிற சாவு வீட்டில் ஓரமாகப் போய் நிற்பாள். எல்லோரும் ஒரு பெயரைச் சொல்லும்போது இவள் உதடு மட்டும் செல்வம் என்று அசையும். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு சினிமாக்காரர் ஏதோ ஒரு சாவு வீட்டில் அதைக் கேட்டார். ஏழுமலை அண்ணனைத் தேடி வந்து பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார். அண்ணன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அப்போது நான் ஜெர்மனிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போனில் கூப்பிட்டார். "நம்ம செல்வம் சினிமாவுக்குப் பூட்டான்டா பழனி!" என்றார். நானும்தான் பூரித்துப்போனேன், பொய் சொல்ல மாட்டேன். படம் வந்த சமயத்தில் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். ஏழுமலை அண்ணன் எங்கள் தெருவில் பாதியை ஆட்டோவில் அடைத்துக்கொண்டு அம்பத்தூர் தியேட்டருக்கு அழைத்துப்போனார். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். மகனைப் பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

பாட்டு வந்தது. அடேயப்பா, என்ன மேளம், என்ன கூட்டம். வேகத்தை மூன்று மடங்கு ஏற்றியிருந்தார்கள். ஊரையே அடித்துப் பிடுங்கின ரவுடி செத்துத் தொலைந்தான் என்று தெருவே கொண்டாடுகிற காட்சி. "போறது யாரு?" என்று கதாநாயகன் கேட்டதும் தியேட்டர் முழுக்க "ஜாங்கிரி பாபு!" என்று அலறி, திரைக்கு முன்னால் ஓடிப்போய் ஆடினார்கள். எங்கள் தெருப் பையன்களும் ஆடினார்கள். ஏழுமலை அண்ணன் முதலில் விசில் அடித்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் என் தொடையைத் தட்டினாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"அந்த பாபுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல நைனா? அவள காட்டவே இல்லியே."

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் ஓடி முடிந்தது, பாட்டு ஓயவில்லை. கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் ஆடினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகள் மீசை வரைந்துகொண்டு ஆடினார்கள். தேர்தல் வேனில் எதிர்க்கட்சிக்காரர் பெயரைப் போட்டுப் பாடினார்கள், அந்தப் பெயரும் நிற்கவில்லை, கூட்டம் ஜாங்கிரி பாபு என்றே கத்தியது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் அடுக்கு மாடி வந்திருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் அங்கே குடியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஐ.டி. வேலை. அவர்கள் பிறந்தநாள் கொண்டாட்டம் ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டு. அவர்களை என்ன சொல்ல முடியும்? பாவம், நல்ல மனிதர்கள். அம்மாவுக்கு கேக் கொடுத்தனுப்புவார்கள். அவர்களுக்கு அது சினிமாப் பாட்டு. அதில் ஜாங்கிரி பாபுவுக்கு முன்னால் ஒரு செல்வம் இருந்தான் என்று யார் போய்ச் சொல்வது?

மத்தியாஸின் அப்பா இறந்தபோது நான் சவ அடக்கத்துக்குப் போயிருந்தேன். கறுப்புச் சட்டை இல்லாததால் கடனாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். சின்ன மண்டபம். ஒருவர் மூக்குறிஞ்சுவது கூட எல்லோருக்கும் கேட்கும். நானும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு 'பைலைட்' என்று கை குலுக்கினேன். ஆழ்ந்த அனுதாபம் என்று அதற்குப் பொருள். அப்புறம் ஒரு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஏதோ பழைய படத்தில் வருகிற பாட்டாம். அது படத்துக்கு முன்பே இருந்த கிராமத்துப் பாட்டுதான், ஆனால் இப்போது யாருக்கும் படம்தான் ஞாபகம் என்று மத்தியாஸ் காதோரம் சொன்னார். ஞாயிறு மத்தியானங்களில் அப்பாவும் அவரும் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்பார்களாம். சொல்லிவிட்டு அந்த ஆள் உடைந்து அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருடைய பாட்டுக்குச் சினிமா ஓர் அப்பாவைக் கொடுத்திருக்கிறது. எங்கள் பாட்டிலிருந்து என் அண்ணனைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டது. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படியா நினைப்பது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை கால் வரைக்கும் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காதான் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டார். நான் இங்கிருந்து போனில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வந்துவிடு என்றால் "அங்க யார்கூட பேசுவேன், குளிர்ல செத்துப்பூடுவேன்" என்பாள். நான் வந்துவிடுகிறேன் என்றால், இங்கே பள்ளிக்கூடம் போகிற என் மகளை இழுத்து, "வந்து? பேத்தி படிப்பு இன்னாவறது?" என்பாள். இரண்டு பேச்சும் வாரா வாரம் நடக்கும், வாரா வாரம் அதே இடத்தில் நின்றுபோகும். அப்படி ஒரு பேச்சின் நடுவில், தான் செத்தால் ஏழுமலை அந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றாள்.

நான் பதறிவிட்டேன். வேறு பாட்டு எத்தனையோ இருக்கிறது, இப்போது அதைப் பாடினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்றேன். வேப்பம்பட்டில் எங்கள் மாமா இறந்தபோது நடந்ததை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். அங்கே யாரோ தெரியாத்தனமாக அந்தப் பாட்டை எடுக்க, கூட்டம் ஜாங்கிரி பாபு என்று கத்தி, மாமி பிணத்தின் மேல் விழுந்து புரண்டாளாம். அதையெல்லாம் ஞாபகப்படுத்தினேன். அம்மா அசையவில்லை.

"சிரிச்சா சிரிச்சினு போறாங்க. என் பேர சொல்லுவாங்க இல்ல? ஒருவாட்டி எல்லாரும் சேந்து சொல்லட்டும் நைனா."

அவள் பெயர் கன்னியம்மா. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவள் 'இந்தாமே'. தெருவுக்கு 'செல்வம் அம்மா'. செல்வம் போன பிறகும் செல்வம் அம்மாதான். வேலை செய்த இடங்களில் 'ஆயா', அடுக்கு மாடிக்காரர்களுக்கு 'பாட்டி'. ரேஷன் கடைக்காரர் மட்டும் அட்டையைப் பார்த்து அந்தப் பெயரைப் படிப்பார், அதுவும் தப்பாக. ஊருக்கெல்லாம் போய் மற்றவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவளுக்குத் தன் பெயர் ஒரு தடவை தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று ஆசை. வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. சரிம்மா என்றேன். ஏழுமலை அண்ணனிடமும் சொல்லிவைத்தேன். அவரும் சரி என்றார்.

செய்தி வந்தபோது நான் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தேன். சரோஜா அக்கா போனில் "பழனி" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்து, தாய் இறந்தால் தருகிற தனி விடுப்பு இத்தனை நாள், அதோடு உன் சொந்த விடுப்பைச் சேர்த்துக்கொள், வேலைக்குத் திரும்பும் தேதியை இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றார். கெட்ட எண்ணம் இல்லை, இங்கே அப்படித்தான். அம்மா எந்த நேரத்தில் போனாள் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது, அதற்குள் நான் எப்போது அவளை விட்டுத் திரும்புவேன் என்று தேதி சொல்லிவிட்டேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் அவளையும் மனைவியையும் இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஏழுமலை அண்ணன் ஆட்டோவோடு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வழியெல்லாம் மெட்ரோ தூண்கள், பாதி கட்டியதும் முழுதாகக் கட்டியதும். எனக்கு வழியே பிடிபடவில்லை. அவர் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பேரை எவனாவது எடுத்தால் மரியாதை கெட்டுவிடும், கன்னியம்மா என்றுதான் சொல்ல வேண்டும் என்று பையன்களைச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார். தனக்கே வாய் தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிறபோது சவாரிக்காரர்கள் போனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், அவர் என்ன செய்வார்?

அம்மா ஐஸ் பெட்டிக்குள் சின்னதாக இருந்தாள். அதைப் பற்றிப் பேச வேண்டாம். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, தலை மழித்து ஈர வேட்டியோடு என்னை நிற்க வைத்தார்கள். மத்தியான வெயில் பந்தலைத் துளைத்துக்கொண்டிருந்தது. பறை ஓய்ந்ததும் ஏழுமலை அண்ணன் டோலக்கோடு உட்கார்ந்தார். அடுக்கு மாடி பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் வேண்டுமென்றே மெதுவாக எடுத்தார், செல்வத்துக்கு எடுத்த அதே வேகம். நாற்று நட்டதை, பெருக்கித் துடைத்ததை, புருஷனையும் மகனையும் அனுப்பிவிட்டு நின்றதை எல்லாம் சொன்னார். "மோளம் வாசல் வந்தாச்சு, மாலை மார்ல வுழுந்தாச்சு, போறது யாரு?" தெரு சொன்னது: "எங்க கன்னியம்மா." சத்தம் கம்மிதான். ஆளுக்கு ஆள் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி சொன்னார்கள். சொன்னார்கள் இல்லையா, அது போதும் எனக்கு.

இரண்டாவது சுற்றில் பறைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடி ஏறியது. அண்ணனும் தன்னை மறந்தார், அழுகையில் அவர் குரலும் ஏறிவிட்டது. "போறது யாரு?" என்று உச்சத்தில் கேட்டு நிறுத்தினார்.

"ஜாங்கிரி பாபு!"

யாரோ பையன்கள் கேலிக்குச் சொன்னது இல்லை. மொத்தத் தெருவும் சொன்னது. மார் அடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள். எல்லாருக்கும் மேலே கேட்டது சரோஜா அக்காவின் குரல். அம்மாவின் புண்ணைக் கழுவிய சரோஜா அக்கா. அவர் இரண்டு கையாலும் தன் வாயில் அறைந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ பாவி நானு" என்று அவர் அழுத அழுகையைப் போல அன்று காலையிலிருந்து யாரும் அழவில்லை. பந்தலில் ஒரு மூலையில் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்து, உடனே செத்துப்போனது. பால்கனியில் ஒருவர் ஆட்டத்துக்குக் கை தூக்கியவர் அப்படியே கையை மடக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அங்கே யார் கெட்டவர்? என் வாய்க்குள்ளும் அந்தப் பெயர்தான் உருண்டுகொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதால் தப்பித்தேன், அவ்வளவுதான்.

ஏழுமலை அண்ணன் டோலக்கைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் பழனி, வேற பாட்டு பாடிக்கிறேன்" என்றார். எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். அதே பாட்டைப் பாடுங்கள் என்றேன். அவர் மறுபடி எடுத்தார், பறையை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறும் குரலில். "போறது யாரு?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்பாக வந்துவிடுமோ என்று தெருவே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. அந்தப் பாட்டில்கூட அந்த இடத்தில் பிள்ளைகள் வாய் மூடி நிற்பார்கள், ஊர்தான் சொல்லும். இங்கே ஜெர்மனியில் வளர்ந்துவிட்ட மகன்கள் சிலர் அம்மாவை ரெனாடே என்றும் இங்க்ரிட் என்றும் கூப்பிடுவதைக் கேட்டு நான் முகம் சுளித்திருக்கிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"எங்க கன்னியம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒருமுறை சொன்னேன், அது போதாது என்று கத்தினேன். செல்வத்தின் பழைய நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பெண்கள். பிறகு எல்லோரும். கன்னியம்மா, கன்னியம்மா என்று தெரு முனை வரைக்கும் போயிற்று. பால்கனியில் இருந்தவர்களும் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பாட்டிக்கு ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். அடி வயிற்றிலிருந்து எனக்கு அழுகை வந்தது. அம்மா கேட்டது கிடைத்துவிட்டது, நடுவில் ஒரு ரவுடி வந்து போனாலும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முடிந்தது என்றும் நினைத்தேன்.

முடியவில்லை. அந்தப் பாட்டுக்குச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளாத கடைசிப் பகுதி ஒன்று உண்டு. ஆடுவதற்கு லாயக்கில்லாத பகுதி. அதைக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்ததால் நானே மறந்திருந்தேன், பையன்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏழுமலை அண்ணன் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். "போறவங்க போயாச்சு, நிக்கிறது யாரு?" இதற்கு ஊர் பதில் சொல்லக் கூடாது, வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். "நாங்க கீறோம்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் விளக்கு அணையாது, நாங்கள் இருக்கிறோம், நிம்மதியாகப் போ என்று போகிறவருக்குச் சொல்லும் வார்த்தை அது. அதைச் சொன்னால்தான் பாடையைத் தூக்குவார்கள். செல்வத்துக்கு அதைச் சொன்னவள் அம்மா.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் சொல்வதற்கு வேறு யார் மிச்சம்? வீட்டைப் பூட்டிச் சாவியைச் சரோஜா அக்காவிடம் கொடுப்பது என்று காலையிலேயே பேசி முடிவாகியிருந்தது. திரும்புகிற டிக்கெட் போனில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கத்தின நாக்கு இந்த இரண்டு சொல்லுக்குப் புரளவில்லை. கிடத்தியிருக்கிறவளிடம் எப்படிப் பொய் சொல்வேன்? அண்ணன் இன்னொரு தடவை கேட்டார், "நிக்கிறது யாரு?" இந்தத் தடவை அது பாட்டாக வரவில்லை, என்னிடம் கேட்கிற கேள்வியாகவே வந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழே உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பந்தல் காலைப் பிடித்து எழுந்தார்.

"நாங்க கீறோம். நீ போய்க்கினே இரு, கன்னிம்மா."

பாடை எழும்பியது. கொள்ளிச் சட்டியை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் நிற்கிறவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் போகிறவர்கள் பக்கத்தில், அம்மாவுக்கும் முன்னால், நடந்துகொண்டிருந்தேன்.